எவர்நோட்டுக்கு மாற்று: ஜோப்ளினா, வெறும் டெக்ஸ்ட் ஃபைலா?

கேள்வி, 6 டிசம்பர் 2023

குறிப்பு எழுதும் எவர்நோட் செயலியின் இலவசக் கணக்கில் இனி 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்புக் என்று சுருக்கிவிட்டார்கள். என்னிடம் 600க்கு மேல் இருக்கிறது. பழையதைப் பார்க்கலாம், திருத்தலாம், புதிதாக மட்டும் எழுத முடியாதாம். கட்டற்ற மென்பொருள் (ஓப்பன் சோர்ஸ், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) எதையாவது வைத்துச் சமாளிக்க முடியுமா, இல்லை பேசாமல் காசைக் கட்டிவிடலாமா? "ஓப்பன் சோர்ஸ் எல்லாம் ஐடிக்காரர்களுக்குத்தான் சரிப்படும்" என்கிறார் ஆபீஸ் நண்பர்.

7 டிசம்பர் 2023, காலை

உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், நான் ஐடிக்காரன் இல்லை. கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். டிப்ளமோ படித்தபோது லினக்ஸ் பழகியதோடு சரி.

என்னிடம் 1,140 குறிப்பு. ஒரு மோட்டாருக்கு ஒன்று. எத்தனை எச்பி, எத்தனை ஸ்லாட், காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி எந்த கேஜ், பிட்ச் என்ன, காப்பர் எவ்வளவு கிலோ பிடித்தது, நேம் பிளேட் படம். எரிந்த மோட்டார் வந்தால் பழைய வைண்டிங்கை வெட்டி எடுக்கும்போதே எண்ணி எழுதிவிட வேண்டும், எடைக்குப் போட்ட பிறகு எண்ண முடியாது. இந்தக் குறிப்புகள் போனால் எனக்குப் பாதிக் கடை போன மாதிரி.

ஒரு மாதம் முன்பே ஜோப்ளின் என்ற கட்டற்ற குறிப்பு மென்பொருளுக்கு மாறிவிட்டேன். கம்ப்யூட்டர், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. எவர்நோட்டிலிருந்து எடுத்த ஏற்றுமதி ஃபைலை அதுவே படித்துக்கொள்ளும். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் என்று எந்த இணையச் சேமிப்பு வழியாக வேண்டுமானாலும் சிங்க் ஆகும், அதாவது எல்லாக் கருவியிலும் குறிப்பு ஒரே மாதிரி இருக்கும். என் பதில்: ஜோப்ளின் போடுங்கள், காசு மிச்சம். ஜோப்ளின் வேண்டாம் என்றால் ஆப்சிடியன் என்று இன்னொரு குறிப்புச் செயலி, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான்.

7 டிசம்பர் 2023, இரவு

ஆப்சிடியன் ஓப்பன் சோர்ஸ் இல்லை. காலையில் தப்பாகச் சொல்லிவிட்டேன், நாலு பேர் சுட்டிக்காட்டிவிட்டீர்கள், போதும். சொந்த உபயோகத்துக்குச் சும்மா கிடைக்கும், குறிப்புகளைச் சாதாரண மார்க்டவுன் ஃபைலாகவே (வெறும் எழுத்து, நடுவே சில குறிகள்) வைத்திருக்கும், ஆனால் மூலநிரல் திறந்ததில்லை. அதே ஜாடையில் ஓப்பன் சோர்ஸ் வேண்டுமென்றால் லாக்சீக் இருக்கிறது. எனக்கு அது சரிப்படவில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளியோடு தொடங்கும், மளிகை லிஸ்ட் எழுதுகிற மாதிரி இருக்கிறது.

10 டிசம்பர் 2023

கேட்டவருக்கு, வெளியே எடுக்கிற முறை.

ஃபோனில் தேடாதீர்கள், கம்ப்யூட்டரில் எவர்நோட்டை நிறுவி அங்கிருந்து எடுக்க வேண்டும். வருகிற ஃபைலின் வால் (பெயருக்குக் கடைசியில் ஒட்டுகிற எழுத்துகள்) இனெக்ஸ். உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல், படங்களை எல்லாம் எழுத்தாக மாற்றி அதற்குள்ளேயே திணித்திருப்பார்கள். அதனால்தான் படம் அதிகம் இருந்தால் அசல் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வீங்கி நிற்கும், பயப்பட வேண்டாம்.

முக்கியமான விஷயம் ஒன்று. எந்தக் குறிப்பு எந்த நோட்புக்கில் இருந்தது என்பது அந்த ஃபைலுக்குள் இருக்காது. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்து ஒரே ஃபைலாக எடுத்தால் எல்லாம் ஒரே குவியலாக வந்து விழும். நோட்புக் நோட்புக்காகத் தனித்தனி ஃபைல் எடுங்கள். டேக் (குறிப்பில் ஒட்டிய அடையாளச் சொல்) மட்டும் கூடவே வரும். ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போட்டிருந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோப்ளினில் உள்ளே எடுக்கும்போது மார்க்டவுனாகவா, எச்டிஎம்எல்லாகவா என்று கேட்கும். மார்க்டவுன் என்று கொடுங்கள். கலர் எழுத்து போய்விடும். நான் சிவப்பில் எழுதியிருந்த "கேஜ் மாற்றக் கூடாது" எல்லாம் கறுப்பாகிவிட்டது, அதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முன்னால் மூன்று ஆச்சரியக்குறி போட்டேன்.

11 டிசம்பர் 2023

"அவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்" என்று கேட்டிருந்தார் ஒருவர். இதில் புதிதாக எதுவும் இல்லை. 2016லேயே இலவசக் கணக்கை இரண்டு கருவிக்கு மட்டும் என்று குறைத்தார்கள். 2022 நவம்பரில் இத்தாலிக் கம்பெனி ஒன்று வாங்குவதாக அறிவிப்பு வந்தது, பெண்டிங் ஸ்பூன்ஸ் என்று பெயர். வாங்கியவர் போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பார். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை, எத்தனையோ வருஷம் ஒரு பைசா கொடுக்காமல் ஓட்டியவன் நான்.

2 ஜனவரி 2024

நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன், நீங்களாவது தப்பியுங்கள்.

ஜோப்ளினில் குறிப்புகளைப் பூட்டி அனுப்புகிற வசதி இருக்கிறது. டிராப்பாக்ஸ்காரருக்குக்கூட உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. நல்ல விஷயம்தானே என்று புத்தாண்டு ராத்திரி லேப்டாப்பில் அதை இயக்கினேன். அது 1,140 குறிப்பையும் திரும்பப் பூட்டி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, சும்மா இருக்க முடியாமல் ஃபோனிலும் அதே பொத்தானைத் தட்டினேன், தூக்கக் கலக்கத்தில் வேறொரு பாஸ்வேர்டு போட்டு. இரண்டு சாவி உருவாகிவிட்டது. காலையில் ஃபோனைத் திறந்தால் பாதிக் குறிப்பில் பூட்டுப் படம். கடையில் ஒரு 5 எச்பி மோனோபிளாக் பம்ப் பிரித்துக் கிடக்கிறது, ஆள் நிற்கிறார், எனக்கு சுற்று எண்ணிக்கை தெரியவில்லை.

லேப்டாப்பில் எல்லாம் திறந்தபடியே இருந்ததால் பிழைத்தேன். முதலில் அங்கிருந்து ஒரு முழு பேக்கப் எடுத்தேன், பிறகு எல்லா இடத்திலும் பூட்டை நீக்கி, ஃபோனில் செயலியையே அழித்து, முதலிலிருந்து. ஒரு நாள் போச்சு. முதலில் ஒரே ஒரு கருவியில் இயக்கு, முழுதும் ஏறி முடிந்த பிறகு அடுத்ததற்குப் போ என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்வேர்டை மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: யாராலும் திறக்க முடியாது. அதற்குப் பெயர்தான் பூட்டு.

17 ஜனவரி 2024

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சித்தப்பா, "ஓசியில் கிடைக்கிற சாஃப்ட்வேரை நம்பித் தொழிலை வைக்கிறாயே" என்றார். தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு, 'இலவச' என்று ஒரு சொல், 'கட்டற்ற' என்று ஒரு சொல். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சித்தப்பாவிடம் 'கட்டற்ற' என்றால், "யாருக்கும் கட்டுப்படாததா, அப்படியானால் இன்னும் மோசம்" என்கிறார்.

நான் அவருக்குச் சொன்னது டிரிலியம் கதை. அதுவும் ஒரு குறிப்பு மென்பொருள்தான். எழுதியவர் இந்த மாதம்தான், இனி புதிதாக எதுவும் சேர்க்கப்போவதில்லை, பராமரிப்பு மட்டும் என்று அறிவித்திருக்கிறார். வேறு கம்பெனிச் சரக்காக இருந்தால் அன்றோடு கதை முடிந்தது. இதன் மூலநிரல் வெளியே கிடக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துத் தொடரலாம், இப்போதே சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "யாரும் எடுக்கவில்லை என்றால்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, கரும்பை எடுத்துக் கடித்துக்கொண்டேன்.

11 மார்ச் 2024

டிசம்பரில் நான் சொன்ன பதில் இப்போது எனக்கே முழுசாகப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் ஜோப்ளின் இல்லாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிராப்பாக்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன், ஒரே ஒரு குறிப்பைப் பார்க்க. உள்ளே ஆயிரக்கணக்கில் ஃபைல். ஒவ்வொன்றின் பெயரும் எண்ணும் எழுத்தும் கலந்த 32 எழுத்து. எது எந்த மோட்டார் என்று எப்படித் தெரியும்? ஒன்றைத் திறந்தால் உள்ளே குறிப்பு வாசிக்கிற மாதிரித்தான் இருக்கிறது, கீழே அதற்கே உரிய பத்திருபது வரிகள். அதில் கை வைக்கக் கூடாது. சிங்க் செய்வதற்காக வைத்திருக்கும் சரக்கு அது, நாம் படிப்பதற்கு இல்லை. லேப்டாப்பில் உள்ள அசல், எஸ்கியூலைட் என்கிற ஒரு டேட்டாபேஸ் ஃபைல்.

அப்பாவின் நோட்டுகள் ஞாபகம் வந்தது. நீல அட்டை, வார்னிஷ் கறை, ஓரம் சுருண்டது. எடுத்துப் புரட்டினால் தெரிந்துவிடும், நடுவில் யாரும் வேண்டாம்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. டிப்ளமோ படித்தபோது உபுண்டுவில் டாம்பாய் என்று ஒரு குறிப்பு மென்பொருள் வைத்திருந்தேன். உபுண்டு ஒன் வழியாக சிங்க் ஆகும். அந்தச் சேவையை 2014 ஜூனில் மூடினார்கள். டாம்பாயையும் மறந்துவிட்டேன். போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்தபோது அந்த ஃபோல்டர் அப்படியே இருந்தது, ஒரு குறிப்புக்கு ஒரு ஃபைல், சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தது. "இண்டக்‌ஷன் மோட்டார் ஸ்லிப் ஃபார்முலா", "ஹாஸ்டல் மெஸ் பாக்கி 340". மெஸ் பாக்கியைக் கட்டினேனா என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

அதனால் இப்போது யோசிப்பது: மென்பொருள் எதுவாக இருந்தாலும், ஒரு குறிப்பு ஒரு ஃபைல், ஃபைலின் பெயரே தலைப்பு என்று இருக்க வேண்டும்.

12 மார்ச் 2024

நேற்று எழுதியதற்கு வந்த மறுப்பு நியாயம்தான். ஜோப்ளின் யாரையும் கட்டிப்போடவில்லை. மார்க்டவுன் ஃபைல்களாக மொத்தமாக வெளியே எடுக்கலாம், தேதி, டேக் எல்லாம் தலையில் வைத்துத் தரும். அதன் பேக்கப் ஃபைலும் பல ஃபைலை ஒன்றாகக் கட்டிய வெறும் டார் மூட்டைதான், பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். எஸ்கியூலைட் டேட்டாபேஸையும் அதற்கென்று உள்ள சும்மா கிடைக்கும் கருவியில் திறந்து பார்த்துவிடலாம்.

என் பிரச்சினை பூட்டு இல்லை, சோம்பல். வெளியே எடுக்க ஒரு பொத்தான் இருந்தாலும் அதை மாதாமாதம் அமுக்குகிற ஆள் நான் இல்லை.

24 ஏப்ரல் 2024

ஸ்டாண்டர்டு நோட்ஸ் என்ற குறிப்புச் செயலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த மாதம் அது புரோட்டான் மெயில் நடத்துகிற புரோட்டான்காரர்களோடு சேர்ந்துவிட்டது. ஓப்பன் சோர்ஸ், முதலிலிருந்தே பூட்டு உண்டு. படம் நிறைய வைப்பவர்களுக்குக் காசு கட்டும் திட்டம்தான் சரி. நான் ஒரு வாரம் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன், குறை ஒன்றும் இல்லை, எனக்கு நேம் பிளேட் படம் இல்லாமல் ஆகாது.

இமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரும் அதற்குள் குறிப்பு எழுத ஆர்க்-மோடும் போதும் என்று எழுதிய அண்ணனுக்கு: 2003லிருந்து இருக்கிறது, வெறும் டெக்ஸ்ட், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று விரலை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும், என் விரலில் எப்போதும் வார்னிஷ்.

19 மே 2024

மாறிவிட்டேன். ஜோப்ளினிலிருந்து எல்லாவற்றையும் மார்க்டவுன் ஃபைலாக எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டாயிற்று. லேப்டாப்பில் கியூஓன்நோட்ஸ், ஃபோனில் மார்கோர், இரண்டும் ஓப்பன் சோர்ஸ், இரண்டும் அதே ஃபோல்டரைத்தான் திறக்கின்றன. நடுவில் சிங்க்திங். அதற்கு சர்வர் கிடையாது, கணக்கு கிடையாது, கருவியும் கருவியும் நேராகப் பேசிக்கொள்ளும்.

பொள்ளாச்சியில் மச்சான் கிளைக்கடை வைத்திருக்கிறார், அவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரையும் சேர்த்துவிட்டேன். முதல் வாரம் ஒன்றும் போய்ச் சேரவில்லை. பார்த்தால், நான் லேப்டாப்பைத் திறப்பது ராத்திரி ஒன்பது மணிக்கு, அவர் கடையைச் சாத்துவது எட்டு மணிக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தானே பேசும்? ஸ்கிரீன் உடைந்த பழைய ஃபோன் ஒன்றை எப்போதும் சார்ஜில் போட்டு வீட்டு வைஃபையில் வைத்திருக்கிறேன், அது இரண்டு பக்கமும் வாங்கிக் கொடுக்கும். அந்த ஃபோன்தான் இப்போது எங்கள் கிளவுட். அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எவர்நோட்டை விட்டதில் இன்னும் உறுத்துவது ஒன்றே ஒன்று. நேம் பிளேட் படத்தில் உள்ள எழுத்தையும் அது தேடிக் கண்டுபிடித்துவிடும். ஜோப்ளினிலும் அந்த வசதி இந்த வருஷம் கம்ப்யூட்டர் பதிப்பில் வந்திருக்கிறது. என்னுடைய வெறும் ஃபைலில் அது கிடையாது, சீரியல் நம்பரைக் கையால் அடிக்க வேண்டும்.

8 ஜூலை 2024

பொள்ளாச்சி காணாமல் போய்விட்டது.

பொள்ளாச்சி என்று தேடினால் 41 குறிப்பு வருகிறது. அந்தப் பக்கத்து வேலை அதைவிட அதிகம் என்று எனக்குத் தெரியும். போத்தனூரும் குறைகிறது, கோவில்பாளையமும் குறைகிறது. சூலூர், அன்னூர், பல்லடம் எல்லாம் சரியாக வருகிறது. தேடல் மென்பொருளில்தான் கோளாறு, ஓப்பன் சோர்ஸ்காரர்கள் தமிழை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

9 ஜூலை 2024

நேற்று கடைசியில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கோளாறு மென்பொருளில் இல்லை, என் குறிப்புகளில்.

காணாமல் போனவை எல்லாம் ஒகர, ஓகார ஊர்கள் என்று இரவு பதினோரு மணிக்குத்தான் உறைத்தது. கம்ப்யூட்டரில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற பொது முறைதான் யூனிகோடு. அதில் 'பொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ப போட்டு, இரண்டு பக்கமும் வருகிற 'ொ' குறியை ஒரே எழுத்தாகப் போடலாம். இல்லையென்றால் ப, அப்புறம் ஒற்றைக்கொம்பு, அப்புறம் கால் என்று மூன்றாகவும் போடலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றுதான். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியிலேயே இருக்கிறது, ஆனால் அந்த விதியைப் பார்க்காமல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற தேடலுக்கு இது வேறு, அது வேறு.

என் பழைய குறிப்புகளில் முதல் 300ஐ அப்பாவின் நோட்டைப் பார்த்து ஒரு டிடிபி கடையில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கினோம். பிறகு மாற்றியை வைத்து யூனிகோடாக்கினேன், அது கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. எவர்நோட்டில் இருந்தபோது ஊர் பெயரில் தேடியதே இல்லை, எல்லாம் டேக்தான், அதனால் தெரியாமலே ஓடியிருக்கிறது.

பைத்தானில் நாலு வரி போதும். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒரே எழுத்தாக்கும் என்எஃப்சி முறைக்கு மாற்றித் திரும்ப எழுதுவது. முதலில் ஃபோல்டரை முழுசாக ஒரு காப்பி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். இப்போது பொள்ளாச்சி 73.

ஃபைல்கள் கையில் இருந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது. வேறொருவர் சர்வரில் இருந்திருந்தால் கஸ்டமர் கேருக்குக் கொம்பையும் காலையும் எப்படி விளக்குவது?

9 ஜூலை 2024, கொஞ்சம் கழித்து

ஔ எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருந்தால் இந்த முறை அதைச் சரி செய்யாது, அது வேறு நோய். நல்லவேளை, ஔவையார் மோட்டார் கட்ட வருவதில்லை.

15 செப்டம்பர் 2024

மச்சான் எழுதிய குறிப்பு ஒன்று என் லேப்டாப்புக்கு வரவே மறுக்கிறது. சிங்க்திங் சொல்வது, ஃபைல் பெயர் மிக நீளம். பெயர் இதுதான்:

பொள்ளாச்சி மாக்கினாம்பட்டி தோட்டம் 7.5 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார் இரண்டாவது முறை ரீவைண்டிங்

பார்த்தால் ஒரு வரிதான். ஆனால் லினக்ஸில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட், நம் எழுத்துக்கு மூன்று. அதிலும் 'கி' என்பது க ஒன்று, கொக்கி ஒன்று என்று இரண்டாக எண்ணப்படும், ஆறு பைட். புள்ளி வைத்த எழுத்தும் ஆறு. மேலே உள்ளதை உட்கார்ந்து எண்ணினேன்: தமிழ் 81, மூன்றால் பெருக்கினால் 243. எண்ணும் புள்ளியும் சேர்ந்து 3. இடைவெளி 9. ஆக மொத்தம் 255, அச்சு அசலாக! கடைசியில் ஒட்டுகிற மூன்றெழுத்து வால் சேர்ந்ததும் 258. விண்டோஸில் கணக்கு வேறு மாதிரி, அங்கே எழுத்துக்கு மூன்று பைட் என்ற கணக்கு இல்லை, அதனால் மச்சானுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மாப்பிள்ளை, மோட்டார் என்பதை எடுத்துவிடட்டுமா?" என்றார் ஃபோனில். எடுத்தார், வந்துவிட்டது. அது வைண்டிங் கடைக் குறிப்பு, மோட்டார் என்று எழுதாவிட்டால் மிக்ஸி என்றா நினைக்கப்போகிறோம்.

22 அக்டோபர் 2024

சித்தப்பா ஜெயித்துவிட்டார், பாதி. சிங்க்திங்கின் ஆண்ட்ராய்டு செயலியை நிறுத்தப்போகிறார்களாம், டிசம்பரோடு சரி. பராமரிக்க ஆள் இல்லை, பிளே ஸ்டோரில் போடுவதும் பெரும்பாடாகிவிட்டது என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பதிப்புக்கு ஒன்றும் இல்லை.

அலமாரி ஃபோனுக்கு அடுத்து என்ன? சிங்க்திங்-ஃபோர்க் என்று வேறொருவர் அதே நிரலை எடுத்து நடத்திவருகிறார். அதற்கு மாறினேன், அரை மணி நேர வேலை. டிரிலியத்தையும் டிரிலியம்நெக்ஸ்ட் என்ற பெயரில் சிலர் எடுத்து நடத்துகிறார்கள். ஜனவரியில் கரும்பு கடித்துத் தப்பித்த கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம் என்று சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன், அவர், "எந்த சாஃப்ட்வேர்?" என்றார்.

6 ஜனவரி 2025

இது கொஞ்சம் பெரிய கதை.

கிரைண்டர் கம்பெனி ஒன்றின் மோட்டார், 36 ஸ்லாட், முன்பே ஒருமுறை கட்டியது. குறிப்பைத் திறக்கப் போனால் இரண்டு ஃபைல். ஒன்றின் பெயரில் 'சிங்க் மோதல்' என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் எழுதி, தேதியும் நேரமும் ஒட்டியிருக்கிறது. நானும் மச்சானும் ஒரே குறிப்பை இணைப்பு இல்லாத நேரத்தில் தனித்தனியாகத் திருத்தியிருக்கிறோம். சிங்க்திங் எதையும் அழிக்காது, பழைய நேரம் உள்ளதைத் தனியாகப் பெயர் மாற்றி வைத்துவிடும். அது அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

என் ஃபைலில் காயிலுக்கு 36 சுற்று. மச்சான் ஃபைலில் 38. இரண்டு சுற்றுதானே என்று நினைக்காதீர்கள், குறைந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும், சூடாகும், வாரண்டிக்கு நம்மிடமே திரும்பி வரும். அவரிடம் கேட்டால், "உங்கள் அப்பா சொன்னதைத்தான் எழுதினேன்" என்கிறார். அப்பாவிடம் கேட்டால், "நோட்டைப் பார்" என்கிறார். நீல நோட்டில் அந்தப் பக்கம் வார்னிஷ் கொட்டி இரண்டாவது இலக்கம் மட்டும் பழுப்பாக இருக்கிறது.

மாதிரிக்கு ஒரு காயிலை எடைக்குப் போடாமல் சீட்டுக் கட்டி ஆணியில் மாட்டி வைப்பது அப்பா பழக்கம். பின்னால் சுவரில் அந்த மாதிரி நூற்றுக்கு மேல் தொங்கும், ஒட்டடையோடு. அதைத் தேடி எடுத்து, கம்பிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து நூல் கட்டி எண்ணினேன். 38. மச்சான் ஜெயித்தார். என் ஃபைலைத் திருத்தி, மற்றதை அழித்தாயிற்று.

எவர்நோட்டோ ஜோப்ளினோ இருந்திருந்தாலும் இப்படித்தான் இரண்டு பிரதி வந்திருக்கும், ஜோப்ளினில் மோதலுக்கென்று தனி நோட்புக்கே இருக்கிறது. எது சரி என்று எந்த மென்பொருளும் சொல்லாது. ஆணிதான் சொன்னது.

25 பிப்ரவரி 2025

ஆப்சிடியனை இனி ஆபீஸ் வேலைக்கும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டார்கள். இன்னும் ஓப்பன் சோர்ஸ் இல்லை, இந்த முறை நான் முந்திக்கொண்டேன். மச்சான் விண்டோஸில் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறார், அழகாக இருக்கிறதாம். ஃபோல்டர் ஒன்றே, எனவே எனக்கு ஆட்சேபம் இல்லை. 2023 டிசம்பரில் நான் ஜோப்ளின் போடுங்கள் என்று ஒரே வரியில் சொன்னதை இப்போது கேட்டால், ஏதோ ஒன்றைப் போடுங்கள், ஃபோல்டரைக் காட்டுங்கள் என்பேன்.

26 பிப்ரவரி 2025

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, காசைக் கட்டி எவர்நோட்டிலேயே இருந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். யாரும் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒன்றேகால் வருஷத்தில் பணமாகச் செலவு ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளாகக் கணக்குப் போட்டால் அவர் கட்டியதைவிட நான் அதிகம் கட்டியிருப்பேன். இனெக்ஸ் ஃபைல் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நோட்புக் நோட்புக்காக.

கடைப் பசங்க என்ன பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் அவரவர் நம்பருக்கே அனுப்பிக்கொள்கிறார்கள். அன்றாட வேலைக்குச் சுவரில் சாக்பீஸ். மார்கோரைக் காட்டினேன், "அண்ணா, இதில் வாய்ஸ் அனுப்ப முடியுமா?" என்றான் ஒருவன். விட்டுவிட்டேன்.

22 ஜூன் 2025

அப்பாவுக்கு எல்லாம் காகிதத்தில் வேண்டுமாம். "ஃபோனில் எழுத்து ஓடுகிறது" என்றார்.

வெறும் மார்க்டவுனாக இருந்ததால் சுலபமாக முடிந்தது. பாண்டாக் என்று ஒரு கட்டற்ற கருவி, மொத்த ஃபோல்டரையும் ஒரே ஓடிடி ஃபைலாக (லிப்ரே ஆபீஸ் ஆவணம்) மாற்றிக் கொடுத்தது. நேராகப் பிடிஎஃப் எடுக்கப் பார்த்தேன், தமிழ் எழுத்துருவைச் சொல்லிக் கொடுக்காததால் வெற்றுப் பக்கமாக வந்தது, லிப்ரே ஆபீஸ் வழியாகப் போனால் தொல்லையில்லை. எழுத்து அளவு 14. படங்களை எடுத்துவிட்டும் 412 பக்கம். காந்திபுரத்தில் கொடுத்து இரண்டு பாகமாக ஸ்பைரல் போட்டு வாங்கிவந்தேன். அப்பா முதல் நாளே மேலே நீல அட்டை போட்டுவிட்டார்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அவர் அதில் பேனாவால் திருத்துகிறார். வாரம் ஒருமுறை நான் பக்கம் பக்கமாகப் புரட்டி ஃபைலில் ஏற்ற வேண்டும், இதற்கு எந்த சிங்க் மென்பொருளும் கிடையாது. நேற்று 118ஆம் பக்கத்தில், அந்த கிரைண்டர் மோட்டாரில், 38ஐ அடித்துவிட்டு 36 என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

கேட்டேன். "தலைக்கம்பியையும் வால்கம்பியையும் சேர்த்து எண்ணியிருப்பாய்" என்றார்.

காயில் இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. எண்ணிவிட்டு வருகிறேன்.